காலனியில் பால்வாடி இல்லை, கல்வி உரிமைச் சட்டத்தில் கேஸ் போடலாமா?

கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில் ஒரு கிராமம், ஆதிதிராவிடர் காலனி எங்களுடையது. பால்வாடி ஊர்த்தெருவில் இருக்கிறது, ஒன்றரை கிலோமீட்டர், நடுவில் வாய்க்கால். நாங்கள் நடவுக்கும் களைக்கும் விடியற்காலையிலேயே போய்விடுவோம். என் பையனுக்கு மூன்றரை வயது. ஆதார் இல்லை, உங்க தெரு என் எல்லையில் வராது என்று டீச்சர் சேர்க்க மறுக்கிறார். எட்டு வயது மகள்தான் பள்ளிக்கூடம் போகாமல் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். காலனியிலேயே பால்வாடி வேண்டும் என்று பிரசிடென்டிடம் நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கல்வி உரிமைச் சட்டத்தில் கேஸ் போட முடியுமா?

பதில்: சகோதரி, அந்தச் சட்டம் உங்கள் மகளுக்கு உதவும், பையனுக்கு உதவாது. 2009-ஆம் வருடத்துச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான். மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளின் படிப்புக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்று 11-ஆவது பிரிவு சொல்கிறது. 'செய்யலாம்' என்பதை வைத்துக்கொண்டு கோர்ட்டில் என்ன வாதாடுவது? அரசியல் சட்டத்தின் 45-ஆவது பிரிவிலும் ஆறு வயது வரை கல்வி என்று இருக்கிறது, ஆனால் அது அரசுக்கு வழிகாட்டும் நெறிதான், அதை மட்டும் காட்டி வழக்குப் போட முடியாது. எனக்கே இதில் எரிச்சல் உண்டு.

ஆனால் சின்னக் குழந்தைக்குப் படிப்பை உரிமையாகத் தராத சட்டம் சோற்றை உரிமையாகத் தந்திருக்கிறது. 2013-இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 5-ஆவது பிரிவு: ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை எந்தக் குழந்தைக்கும் உள்ளூர் அங்கன்வாடி வழியாக இலவச உணவு தர வேண்டும். 'உள்ளூர்' என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழையில் வாய்க்கால் தளும்பி ஓடும்போது மூன்றரை வயதுப் பிள்ளையால் எட்ட முடியாத இடம் எப்படி உள்ளூர் ஆகும்? மனுவில் முதலில் சோற்றைக் கேளுங்கள், சோறு வடிக்கிற இடத்தில்தான் பாட்டும் எழுத்தும் நடக்கும்.

அடுத்தது, உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13 அன்று போட்ட உத்தரவு. ஒரு குடியிருப்பில் ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்து அங்கன்வாடி இல்லை என்றால், கேட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அமைத்துத் தர வேண்டும், அதிலும் பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை. அந்த வழக்கு பிறகு முடித்துவைக்கப்பட்டது, அதனால் உத்தரவையும் 2013 சட்டத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.

கேட்ட நாளிலிருந்து என்பதைக் கவனியுங்கள். நீங்கள் நாலு வருஷம் வாயால் சொன்னதற்குத் தேதியே கிடையாது, சட்டத்தின் கணக்கில் நீங்கள் இன்னும் கேட்கவே இல்லை! ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு வீடு வீடாகப் போய் எண்ணுங்கள். பெயர், பிறந்த தேதி, தாய் பெயர், கையெழுத்து. நம் ஆட்கள் நடக்கிற பிள்ளைகளை மட்டும் எண்ணிவிட்டு 'முப்பதுதான் சார் தேறுது' என்பார்கள். தூளியில் கிடக்கிற கைக்குழந்தையும் கணக்குத்தான். பிரசவத்துக்கு அம்மா வீடு போயிருக்கிறவளின் மூத்த பிள்ளையும் கணக்குத்தான். அப்படியும் 40 வரவில்லை என்றால் குறு மையமாவது, அதாவது சின்ன அங்கன்வாடியாவது, கேளுங்கள்.

அந்தக் கணக்கோடு மனுவை வட்டாரக் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதே மனுவைத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வராதீர்கள். வருகிற கிராம சபையில் தீர்மானமும் போடச் சொல்லுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். 'இடம் இல்லை' என்பார்கள், உடனே காலனி இளைஞர்கள் நாங்களே கீற்றுக் கொட்டகை போட்டுத் தருகிறோம் என்று கிளம்புவார்கள். வேண்டாம். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் வெந்து செத்தது கீற்றுக் கூரைக்குக் கீழேதான். வாடகைக்காவது ஓட்டு வீடோ தளம் போட்ட வீடோ பார்க்கச் சொல்லுங்கள்.

காலனிக்கு மையம் வரும்வரை பையனை இருக்கிற மையத்தில் சேர்த்தாக வேண்டும், அதையும் அதே மனுவில் தனியாகக் கேளுங்கள். ஆதார் இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் திட்டப் பலனை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் ஆதார் வழக்கிலேயே சொல்லிவிட்டது. எல்லை என்பது டீச்சருடைய கணக்கு வழக்குக்கு, உங்கள் எல்லைக்கு எந்த மையம் என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். அவர்மேல் கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை, பதிவேட்டில் ஆதார் எண் கேட்டு மேலிருந்து அவரை நெருக்குகிறார்கள்.

மகளுடைய விஷயத்தையும் மறைக்காமல் எழுதுங்கள். அவள் வருகையைக் கண்காணிப்பது உள்ளாட்சியின் கடமை என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவில் இருக்கிறது, பெற்றோருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை எதுவும் கிடையாது, பயப்படாதீர்கள். பால்வாடி இல்லாததால் ஒரு பெண் பிள்ளையின் படிப்பு நிற்கிறது என்பது உங்கள் மனுவுக்குப் பலம்தான்.

மூன்று மாதம் தாண்டியும் பதில் இல்லையென்றால் வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். பெண் என்பதாலேயே, வருமானம் பார்க்காமல், இலவச வக்கீல் உண்டு, 15100-க்கும் பேசலாம். ஐகோர்ட்டில் ரிட் மனு போடுவதானால் திருவாரூர்க்காரர்களுக்குச் சென்னைதான், மதுரைக் கிளை இல்லை. தஞ்சாவூர்க்காரர்கள்தான் மதுரைக்குப் போக வேண்டும். போகும்போது ஒப்புகைச் சீட்டு, தபால் ரசீது, அந்த நோட்டு, மூன்றும் கையில் இருக்கட்டும்.