ஆறாத இருமலும் கைவிரல் தோல் வெடிப்பும் ஒரே நோயின் அறிகுறிகளாக இருக்குமா?

இருக்கலாம். எங்கள் சித்திக்கு அப்படித்தான் இருந்தது. ஆன்டிசிந்தடேஸ் சிண்ட்ரோம் என்று பெயர். உடம்பின் எதிர்ப்பு சக்தி சொந்தத் தசை, மூட்டு, தோல், நுரையீரல் என்று தானே தாக்குகிற அரிய நோய்.

சித்தி திருமங்கலத்தில் பூக்கட்டி விற்பவர். ஆள்காட்டி விரலில் கட்டைவிரல் பக்கத்து ஓரம் முழுக்கத் தோல் தடித்து, சொரசொரப்பாகி, குறுக்கே கறுப்புக் கோடுகளாக வெடித்திருந்தது. வாழைநார் அறுக்கிறது என்று வாசலின் தடவிக்கொண்டிருந்தார். இருமல் தனிக்கதை. எக்ஸ்ரேயில் நெஞ்சின் இருபக்க அடியிலும் வெள்ளையாகத் தெரிய, சளியில் கிருமி இல்லாதபோதும் ஓரிடத்தில் டிபி மாத்திரை தொடங்கிவிட்டார்கள். நம் ஊரில் முதலில் டிபியைத் தேடுவது நியாயம்தான். மாத்திரைக்குக் கேட்காத பிறகும் அதையே பிடித்துக்கொண்டிருந்தார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு ஆகவில்லை.

அப்புறம் மதுரையில் ஒரு நுரையீரல் மருத்துவர் முதுகில் ஸ்டெத் வைத்தார். மூச்சை இழுக்கும்போது வெல்க்ரோ பட்டையைப் பிரிப்பதுபோல் சத்தம் கேட்கிறதாம். உடனே கையை நீட்டச் சொன்னார். "நாரை இழுத்து முடியிறது ஒரு கைதானேம்மா, ரெண்டு கையும் ஏன் ஒரே மாதிரி வெடிச்சிருக்கு?" இதை 'மெக்கானிக் கை' என்பார்கள், கிரீஸையே தொடாதவர்களுக்கும் வரும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரல் வெளுக்கிறதா, தரையிலிருந்து எழ முடிகிறதா, காலையில் மூட்டு பிடிக்கிறதா, காய்ச்சல் வந்து போகிறதா என்றெல்லாம் கேட்டார். சித்தி இருமலைத் தவிர எதையும் அதுவரை எந்த டாக்டரிடமும் சொன்னதில்லை.

நுரையீரலை நுணுக்கமாகப் படமெடுக்கும் ஹெச்ஆர்சிடி ஸ்கேன், பிறகு ரத்தப் பரிசோதனைகள்: தசை சேதத்தைக் காட்டும் சிபிகே, செல்லின் உட்கருவைக் குறிவைக்கும் ஆன்டிபாடிகளை (எதிர்ப்பு சக்தி உண்டாக்கும் புரதங்களை) தேடும் ஏஎன்ஏ, தசை அழற்சி நோய்களுக்குரிய ஆன்டிபாடிகளைத் தேடும் மயோசைட்டிஸ் பேனல். எல்லாம் எடுத்தோம். ஏஎன்ஏ நெகட்டிவ் என்றதும் நிம்மதியாகிவிடாதீர்கள். இந்த நோயின் ஆன்டிபாடிகள் செல்லின் உட்கருவுக்கு வெளியே உள்ள பொருளைக் குறிவைப்பதால் அதில் சிக்காமல் போகலாம். சித்திக்கு ஏஎன்ஏ நெகட்டிவ், இந்த நோயின் ஆன்டிபாடிகளில் ஒன்றான ஜோ-1 பாசிட்டிவ். இப்போது ரூமட்டாலஜி (மூட்டு, தசை நோய்களுக்கான) டாக்டரிடம் ஸ்டீராய்டும், எதிர்ப்பு சக்தியை அடக்கும் மைக்கோபினோலேட்டும் எடுக்கிறார். ஸ்டீராய்டை மட்டும் நாமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது.

இதன் பங்காளி போல, எம்டிஏ-5 என்ற வேறொரு ஆன்டிபாடியை வைத்து அடையாளம் காணும் வகை ஒன்று உண்டு. தசை பலவீனமே இல்லாமலும் வரும். விரல் கணுக்களின்மேல் தடிப்பு அல்லது புண், உள்ளங்கையில் வலிக்கும் சிறு புடைப்புகள், வாய்ப்புண், கண் இமையில் நிறமாற்றம். நம் தோல் நிறத்தில் இந்த நிறமாற்றம் சிவப்பாகத் தெரியாது. ஊதா கலந்த கறுப்பாக இருக்கும், மங்கு என்று விட்டுவிடுவோம். இதில் நுரையீரல் சில வாரங்களிலேயே மோசமாகலாம். உங்களுக்கு இவற்றோடு மூச்சும் வாங்குகிறதென்றால் அடுத்த வார அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் இன்றைக்கே போங்கள்.