மகளுக்கும் மாமியாருக்கும் ஒரே மாதிரி துணிப் பேடு தைக்கலாமா?

கேள்வி: எங்களுக்குத் தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் கிராமம். வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். கால் மிஷின்தான், ஓவர்லாக் கிடையாது. 13 வயது மகளுக்குக் கடை நாப்கின் வைத்தால் தொடையிடுக்கில் சிவந்து அரிக்கிறது. 67 வயது மாமியாருக்கு இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிகிறது. விசேஷத்துக்குக் கூப்பிட்டால் பஸ் ஏறவே மாட்டேன் என்கிறார். பழைய காட்டன் சேலையை எட்டு மடிப்பாக மடித்து, நடுவில் பிளாஸ்டிக் தாள் வைத்து, இருவருக்கும் ஒரே அளவில் தைத்தேன். மகளுக்கு நழுவுகிறது, மழை நாளில் காயவே மாட்டேன் என்கிறது. மாமியாருக்கு ஓரத்தில் நனைந்துவிடுகிறது. எதை மாற்ற வேண்டும்? அக்கம்பக்கத்தில் சிலர் கேட்கிறார்கள், விற்கலாமா?

பதில்: முதலில் சேலையைக் குறை சொல்லாதீர்கள். பல வருடம் துவைத்த நல்ல காட்டன் சேலை, கடையில் புதிதாக வாங்கும் துணியைவிட மென்மையாக இருக்கும், தண்ணீரையும் உடனே குடிக்கும். எட்டு மடிப்பையும் பிளாஸ்டிக்கையும் ஒன்றாக வைத்து மூடித் தைத்ததில்தான் சிக்கல். அதற்குள் சோப்பு நுரையும் சரியாகப் போகாது, வெயிலும் போகாது. மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், நடுவில் ஈரம் நிற்கும். அதை அப்படியே எடுத்து வைத்தால், கடை நாப்கினில் வந்த அரிப்பு இதிலும் வரத்தான் செய்யும். பேடு தைக்க வருபவர்கள் எல்லோரும் எத்தனை அடுக்கு வைக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். எப்படிக் காயும் என்று யோசித்து வடிவம் போட்டால் பாதி வேலை முடிந்தது.

மகளுக்கு இரண்டு பாகமாகத் தையுங்கள். ஜட்டியில் மாட்டும் அடிப்பட்டை ஒன்று, அதன் மேல் செருகும் உறிஞ்சு துணி ஒன்று. அடிப்பட்டை ஒன்பதரை இஞ்ச் நீளம், நடுவில் மூன்று இஞ்ச் அகலம், ஜட்டிக்கு அடியில் மடிக்கும் இரண்டு பக்க இறக்கையையும் விரித்தால் மொத்தம் ஏழரை இஞ்ச். மேல்பக்கம் இரு முனையிலும் குறுக்கே ஒரு நாடா தைத்துவிட்டால், உறிஞ்சு துணியின் நுனிகளை அதற்குள் செருகிக்கொள்ளலாம். உறிஞ்சு துணி எட்டரை இஞ்ச் சதுரம், இரண்டு அடுக்கு. நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி வைத்துச் சுற்றித் தைத்து, ஒரு ஓரத்தில் இரண்டு இஞ்ச் தைக்காமல் விட்டு, அதன் வழியாகத் திருப்பி, ஓரத்தை ஒட்டி மேல்தையல் போடுங்கள். ஓவர்லாக் இல்லாத குறையே தெரியாது. மூன்றாக மடித்தால் ஆறு அடுக்கு கிடைக்கும். ரத்தப்போக்கு அதிகமுள்ள நாளில் இன்னொன்றை மேலே வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சதுரத்தில் இன்னொரு வசதி உண்டு. துவைத்து விரித்தால் கைக்குட்டை மாதிரிதான் இருக்கும். பூப்போட்ட துணியில் தைத்துவிட்டால் வாசல் கொடியில் போட்டாலும் யாரும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை. உள்பாவாடைக்கு அடியில் ஒளித்து, இருட்டு மூலையில் காயப்போடுவதை மட்டும் இன்றோடு விட்டுவிடச் சொல்லுங்கள். துணிப் பேடு ஆகாது என்று சொல்பவர்களின் பல அனுபவங்கள் அந்த மூலையில் தொடங்கியவைதான்.

துணி எது? உறிஞ்சு துணிக்கு உங்கள் சேலையோ, குழந்தைக்குப் போர்த்தும் காட்டன் ஃப்ளானலோ, பனியன் துணியோ போதும். காட்டன்தானா என்ற சந்தேகம் இருந்தால் ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள். காகிதம் எரியும் வாசனை வந்து சாம்பலாக உதிர்ந்தால் காட்டன். உருகி, கெட்டியாக ஒரு மணி போல உருண்டால் பாலியஸ்டர் கலந்தது. புதுத் துணியானால் வெட்டுவதற்கு முன் இரண்டு மூன்று தடவை வெந்நீரில் அலசுங்கள். கஞ்சி போகாத துணி தண்ணீரைத் தள்ளும், சுருங்காமல் வெட்டிய துணி பிறகு கோணிக்கொள்ளும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், அது மேலேயே உருண்டு நின்றால் இன்னொரு தடவை அலச வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூர் பக்கம் போனால் அங்கே துணிக்கடைகளுக்குப் பஞ்சமே இல்லை, வெட்டுத் துண்டாகக் கேட்டுப் பாருங்கள்.

நழுவுவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். சேலைத் துணியின் அடிப்பக்கம் வழவழப்பானது, ஜட்டித் துணியில் பிடிப்பு கிடைக்காது. அடிப்பட்டையின் கீழ்ப்பக்கத்துக்கு ஃப்ளானல் போட்டு, அதன் பஞ்சுப் பக்கம் வெளியே வரும்படி வையுங்கள். அடுத்தது இறக்கைகளை ஜட்டிக்கு அடியில் சேர்த்து மாட்டும் டிச் பட்டன் இருக்கும் இடம். மகளின் ஜட்டியில் கால்களுக்கு நடுவே வரும் பட்டையின் அகலத்தை டேப் வைத்து அளந்து, மூடியபின் அதே அகலம் வரும்படி பட்டன் தையுங்கள். ஒரு இறக்கையில் அரை இஞ்ச் தள்ளி இன்னொரு பட்டனும் வைத்துவிட்டால் வேறு ஜட்டிக்கும் சரியாக வரும். லூசான ஜட்டியில் எந்தப் பேடும் நிற்காது.

இப்போது மாமியார் விஷயம். இங்கேதான் ஒரே அளவு சரிப்படாது. ஒரு மாதவிடாய் முழுவதிலும் பெரும்பாலான பெண்களுக்கு வெளியேறும் ரத்தம் 30 முதல் 40 மி.லி. 80 மி.லி.க்கு மேல் போனால் அது அதிகம். அதுவும் நாள்கணக்கில் மெதுவாக வருவது, கொஞ்சம் கெட்டியாகவும் இருப்பது. சிறுநீர் தண்ணீர் மாதிரி. இருமும்போது ஒரு ஸ்பூன் அளவுதான் வந்தாலும் ஒரே நொடியில் வந்துவிடும். துணி அதை உடனே உள்ளே வாங்காவிட்டால் மேலேயே ஓடி ஓரத்துக்குப் போய்விடும். நீங்கள் தைத்த பேடில் இன்னும் இரண்டு வழிகள் திறந்து கிடந்தன. பிளாஸ்டிக்கின் மேலேயே தையல் ஓட்டியதால் ஊசி போன இடமெல்லாம் ஓட்டை. சேலைத் துணி பிளாஸ்டிக்கைச் சுற்றிக் கீழே வரை மடிந்திருப்பதால், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அது ஈரத்தை இழுத்து அடிப்பக்கம் கொண்டுவந்துவிடும். ஓரத்தில் நனைவது இதனால்தான்.

அவருக்கு உறை மாதிரி தையுங்கள். அடியில் பி.யு.எல். துணி, அதாவது குழந்தைகளுக்கான துணி டயப்பரின் வெளிப்பக்கத்தில் இருக்கும், ஒரு பக்கம் பளபளக்கும் துணி. தண்ணீரை விடாது, ஆனால் பிளாஸ்டிக் தாள் போலப் புழுங்காது, சரசரவென்று சத்தமும் போடாது. ஆன்லைனில் மீட்டராகவும் அரை மீட்டராகவும் கிடைக்கிறது. மேலே விளையாட்டு டீ-ஷர்ட்டுக்குப் போடும் மெல்லிய ஜெர்சித் துணி. பாலியஸ்டரா என்று முகம் சுளிக்காதீர்கள். அது தன்னிடம் ஈரத்தை வைத்துக்கொள்ளாமல் கீழே இறக்கிவிடும், அதனால் தோல்மேல் படும் பக்கம் அவ்வளவாக நனைந்திருக்காது. உறையின் நீளம் 11 இஞ்ச், நடு அகலம் மூன்றரை, பின்பக்கம் நான்கு. பின்முனையை மட்டும் தைக்காமல் விட்டுவிடுங்கள். அதன் வழியாக உள்துணியைச் செருகலாம், துவைக்கும்போது உருவிவிடலாம். உள்துணிக்குக் குளிக்கும் துண்டுத் துணிதான் சிறந்தது. 10 இஞ்சுக்கு 9 இஞ்ச் வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, மூன்றாக மடித்துச் செருகுங்கள்.

பி.யு.எல். தைக்கும்போது சில விஷயங்கள். பளபளப்பான பக்கம் உள்ளே இருக்கட்டும். குண்டூசி குத்தாதீர்கள், துணி மாட்டும் கிளிப் போதும். 11ஆம் நம்பர் ஊசி, பாலியஸ்டர் நூல், தையல் கொஞ்சம் நீளமாக. நெருக்கித் தைத்தால் தாள் கிழிவதுபோல அந்த வரிசையிலேயே கிழிந்துவிடும். நடுவில் எந்தத் தையலும் ஓடக் கூடாது. பளபளப்புப் பக்கம் மிஷின் காலில் ஒட்டி இழுத்தால் இடையில் மெல்லிய காகிதம் வைத்துத் தைத்துவிட்டு, பிறகு கிழித்தெடுத்துவிடுங்கள். உள்துணி உறையின் ஓரத்துக்கு அரை இஞ்ச் உள்ளேயே நிற்க வேண்டும்.

தைத்து முடித்ததும் சோதித்துப் பார்க்காமல் கொடுக்காதீர்கள். 50 மி.லி. தண்ணீரை ஒரே மூச்சில் நடுவில் ஊற்றி, ஒரு நிமிடம் விட்டு, அடியில் காகிதம் வைத்து மேலே உள்ளங்கையால் அழுத்துங்கள். காகிதம் நனையக் கூடாது. அவருக்கு எவ்வளவு கசிகிறது என்று தெரிந்துகொள்ளவும் வழி இருக்கிறது. சமையலறைத் தராசில் காய்ந்த பேடை நிறுத்துக் குறித்துக்கொண்டு, சில மணி நேரம் பயன்படுத்தியபின் மறுபடி நிறுங்கள். கூடிய ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய ஒரு மில்லி. அளவு தெரிந்துவிட்டால் உள்துணி ஒன்றா இரண்டா என்று யூகிக்க வேண்டியதில்லை. ஒரு விஷயம், மூத்திரப்பை மொத்தமாகக் காலியாகும் அளவுக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பேடு தாங்காது. பெரியவர்களின் மூத்திரப்பையில் 300 முதல் 500 மி.லி. வரை நிற்கும். அவர்களுக்குக் கடை டயப்பர்தான் சரி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

துவைப்பதில் நம் பக்கத்துத் தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்று எல்லோருக்கும் தெரியும், அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. துணிக்கு ஃப்ளோரைடால் ஒன்றும் ஆகாது. பல ஊர்களில் போர் தண்ணீர் உப்பாகவும் இருக்கிறதே, அதுதான் தொல்லை. அந்தத் தண்ணீரில் சோப்புக் கட்டி சரியாக நுரைக்காமல் வெள்ளைப் படிவாகத் துணியில் ஒட்டிக்கொள்ளும். ஆறு மாதத்தில் பேடு மொரமொரவென்று ஆகி, தண்ணீரை உறிஞ்சாமல் தள்ளும். துணி பழசாகிவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். சோப்புக் கட்டிக்குப் பதிலாகச் சலவைத் தூளைக் குறைவாகப் போடுங்கள், கடைசி அலசலுக்கு மட்டும் ஒகேனக்கல் தண்ணீரோ மழைத் தண்ணீரோ ஒரு குடம் ஒதுக்குங்கள். ஏற்கனவே மொரமொரப்பானதைச் சலவைச் சோடா கலந்த வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து நன்றாக அலசினால் பெரும்பாலும் சரியாகிவிடும். காட்டன் துணிக்கு மட்டும்தான் இது. பி.யு.எல். உறையை வெந்நீரில் போடாதீர்கள், சூடான இஸ்திரியும் வேண்டாம். மேல்பூச்சு உரிந்துவிடும்.

ரத்தம் பட்டதை எப்போதும் முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும், சூடு பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். சிறுநீர் பட்டதை மூடிய வாளியில் நாளெல்லாம் போட்டு வைக்காமல் உடனே ஒரு தடவை அலசிவிட்டாலே பாதி வாடை போய்விடும். வாடைக்காகப் பிளீச்சிங் பவுடர் போடுவதை நிறையப் பேர் செய்கிறார்கள். சிறுநீரில் உண்டாகும் அம்மோனியாவும் பிளீச்சிங்கும் சேர்ந்தால் மூச்சை அடைக்கும் விஷவாயு வரும். வேண்டவே வேண்டாம். வாசனைக்காகக் கடைசியில் ஊற்றும் கம்ஃபோர்ட் வகையறாவும் கூடாது, அது துணியின் உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும்.

மகள் நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றட்டும். பள்ளி நாளில் துணிதான் வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். மாற்றவும் அலசவும் இடம் இல்லாத பள்ளியில் கடை நாப்கின் வைத்துக்கொண்டு, வீட்டில் துணி வைக்கட்டும். ஈரம் நீண்ட நேரம் நின்றாலே சிவக்கும், அது எந்த நாப்கினானாலும் சரி. துணிக்கு மாறியும் அரிப்பு போகாவிட்டால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு பேடு முழுக்க நனைந்தாலும், ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலும் அதையும் காட்ட வேண்டும்.

மாமியாருக்குப் பேடு தைத்துக் கொடுத்துவிட்டு விஷயத்தை அங்கேயே விட்டுவிடாதீர்கள். இருமும்போது கசிவது பெரும்பாலும் இடுப்புக்கு அடியில் இருக்கும் தசை தளர்ந்ததால். வயதானால் அப்படித்தான் என்று ஒதுக்கிவிடுகிறோம், ஆனால் பயிற்சியால் நன்றாகக் குறையக்கூடிய விஷயம் இது. காற்றை அடக்குவது போல அந்தத் தசையை உள்ளிழுத்து ஐந்து நொடி பிடித்து விட வேண்டும். ஒரு வேளைக்கு எட்டிலிருந்து பத்து தடவை, தினமும் மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். உட்கார்ந்தபடியே செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. கசியும் என்று பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்தால் சிறுநீர் அடர்ந்து எரிச்சலும் வாடையும்தான் கூடும். எரிச்சல், ரத்தம், காய்ச்சல், கீழே ஏதோ இறங்கி வருவது போன்ற உணர்வு, இவற்றில் எது இருந்தாலும் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மகளிர் நலப் பிரிவில் காட்டுங்கள். சர்க்கரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், சர்க்கரை ஏறினாலும் அடிக்கடி போகத் தோன்றும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தத்தோடு இயன்முறை சிகிச்சையும் உண்டு. உங்கள் ஊருக்கு வரும் பணியாளரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

விற்பதைப் பற்றி: தெரிந்தவர்களுக்குத் தைத்துக் கொடுக்கும்போது பழைய சேலையைப் பயன்படுத்தாதீர்கள், அது உங்கள் வீட்டோடு இருக்கட்டும். புதுத் துணி, துவைத்து வெட்டியது, ஒவ்வொன்றோடும் துவைக்கும் முறை எழுதிய சீட்டு, இவை போதும். கடைக்குக் கொடுக்கும் அளவுக்குப் போனால் மறுபடி பயன்படுத்தும் பேடுகளுக்கென்று இந்திய தர நிர்ணய அமைவனம் 2021இல் வெளியிட்ட ஐ.எஸ். 17514 என்ற தரம் இருக்கிறது, அதைப் படித்துவிட்டு இறங்குங்கள். ஆரம்பத்தில் ஆளுக்கு இரண்டு அடிப்பட்டை, ஆறு சதுரம் என்று ஒரு செட்டாகக் கொடுத்துப் பாருங்கள். மழைக்காலத்தில் ஒன்று காயும்வரை இன்னொன்று கையில் இருக்கும்.