வாசகர் கேள்வி-பதில்: மவுண்டன் வியூ போகும் மாணவர்களுக்கு

கேள்வி: எங்கள் கல்லூரியில் கணினித் துறை மூன்றாமாண்டு மாணவர்கள் 24 பேரைக் கலிபோர்னியாவுக்கு அழைத்துச் செல்கிறோம். கூகுள் தலைமை அலுவலகத்துக்குள் போக யாரிடம் அனுமதி வாங்குவது? டிராவல்ஸில் ‘கேம்பஸ் டூர்’ என்று தனியாகப் பணம் கேட்கிறார்கள்.
– ஒரு பேராசிரியை, கோயம்புத்தூர்

பதில்: அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். கூகுள் தலைமை அலுவலகம் இருக்கும் ஊர் மவுண்டன் வியூ. அந்த அலுவலகத்துக்குள் பொதுமக்களுக்கென்று டூரும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. அங்கே வேலை பார்க்கும் ஒருவர் தம் விருந்தினராகப் பதிவு செய்தால்தான் கதவு திறக்கும். ‘டூர்’ என்று விற்பது பெரும்பாலும் வெளியே பஸ்ஸை நிறுத்திப் பெயர்ப்பலகை முன்னால் படம் எடுக்கவிடுவதுதான். அதை நீங்களே இலவசமாகச் செய்யலாம்.

ஒரே ஊழியர் 24 பேரையும் தம் விருந்தினராகக் கூட்டிப்போவார் என்று எதிர்பார்க்காதீர்கள். உங்கள் பழைய மாணவர் சங்கத்தில் தேடி, அங்கே இருக்கும் நாலைந்து பேரைப் பிடியுங்கள். ஆளுக்கு ஐந்தாறு மாணவர்கள் என்று பிரித்துவிடலாம். அல்லது அவர்களில் ஒருவர், கல்லூரிகளோடு தொடர்பு வைத்திருக்கும் உள் பிரிவினரிடம் பேசி முறையாக ஏற்பாடு செய்யட்டும். எப்படியானாலும் மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள்.

முதல் மின்னஞ்சலிலேயே இரண்டு மாற்றுத் தேதிகள், எத்தனை பேர், என்ன படிக்கிறார்கள், எந்த வேலையைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள் என்று எழுதிவிடுங்கள். மாதத்தை எழுத்தில் போடுங்கள். 05/06 என்றால் நமக்கு ஜூன் 5, அவர்களுக்கு மே 6. இந்த ஒரு குழப்பத்தில் மொத்தத் திட்டமும் கவிழும். பேச வேண்டுமானால், கோடையில் அங்கே காலை 9 மணி என்பது இங்கே இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30.

செவ்வாய், புதன், வியாழனில் ஒன்றைக் கேளுங்கள். திங்களும் வெள்ளியும் பலர் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதால் மேசைகள் காலியாகத்தான் இருக்கும். நவம்பர் கடைசியில் வரும் நன்றி நவிலும் நாள் வாரமும், டிசம்பர் கடைசி வாரமும் வேண்டாம். மே மாதம் மென்பொருள் உருவாக்குபவர்களுக்கான கூகுள் ஐ/ஓ மாநாடு நடக்கும் நாட்களும் வேண்டாம். அது அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே ஷோர்லைன் அரங்கில் நடப்பது.

கேள்வி: என் பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலி. விசாவில் ‘எஃப்.என்.யு’ என்று வருமாமே? உள்ளே விட மறுப்பார்களா?
– ஒரு மாணவர், திருநெல்வேலி

பதில்: நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இந்தப் பெயர் விஷயத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ‘எஃப்.என்.யு’ என்றால் ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்பதன் சுருக்கம். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால், அமெரிக்க விசா விண்ணப்பமான டிஎஸ்-160 படிவத்தில் அந்தப் பெயர் சர்நேம் கட்டத்துக்குப் போகும். முதற்பெயர் கட்டத்தில் எஃப்.என்.யு. இது குற்றமும் இல்லை, தடையும் இல்லை.

சிக்கல் அலுவலக வரவேற்பில் வரும். கல்லூரிப் பட்டியலில் ‘எஸ். கார்த்திக்’, பாஸ்போர்ட்டில் ‘கார்த்திக் சுப்பிரமணியன்’, நண்பர்கள் கூப்பிடுவது வேறொன்று. முன்பதிவு எந்தப் பெயரில் இருக்கிறதோ அதே பெயர் அடையாள ஆவணத்திலும் இருக்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால், உங்களை அழைத்தவர் இறங்கி வந்து சரிசெய்யும்வரை நிற்க வேண்டியதுதான். ஆகவே கல்லூரிப் பதிவேட்டைப் பார்த்துப் பட்டியல் தயாரிக்காதீர்கள். 24 பாஸ்போர்ட்டுகளையும் விரித்து வைத்து, எழுத்துக்கு எழுத்து பார்த்து ஒரே கோப்பாகத் தட்டச்சு செய்து அனுப்புங்கள். அன்றைக்கு பாஸ்போர்ட் அசலே கையில் இருக்கட்டும். கல்லூரி அடையாள அட்டையை நம்பிப் போக வேண்டாம்.

கேள்வி: விசா நேர்காணலில் ‘கூகுள் எங்களை அழைத்திருக்கிறது’ என்று சொன்னால் பலமாக இருக்குமா?
– ஒரு மாணவி, மதுரை

பதில்: சொல்லவே சொல்லாதீர்கள். உங்களை அழைத்தவர் ஓர் ஊழியர், நிறுவனம் அல்ல. ‘அழைப்புக் கடிதம் எங்கே?’ என்று அதிகாரி கேட்டால் காட்ட எதுவும் இருக்காது. கல்லூரிக் குழுவோடு இத்தனை நாள் பயணம், இன்னின்ன இடங்கள், செலவு இன்னார், திரும்பி வந்து இறுதியாண்டு படிப்பு என்று உள்ளதைச் சொல்லுங்கள். இதற்குரியது பி1/பி2 என்ற குறுகிய காலப் பயண விசா. படிவத்தில் ‘குழுவாகப் பயணிக்கிறீர்களா?’ என்ற கேள்விக்கு எல்லாரும் ஒரே குழுப் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். கைரேகை, புகைப்படத்துக்கு ஒரு நாள், நேர்காணலுக்கு வேறொரு நாள் என்று இரண்டு முறை போக வேண்டியிருக்கும். விசா மறுக்கப்பட்டால் கட்டணம் திரும்பாது. விசா கைக்கு வருவதற்கு முன் விமான டிக்கெட்டுக்குப் பணம் கட்டாதீர்கள்.

கேள்வி: உள்ளே போனபின் படம் எடுக்கலாமா? என்ன கேட்கலாம்?
– ஒரு மாணவர், தஞ்சாவூர்

பதில்: பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களில் வரவேற்பிலேயே திரையில் ஒரு ரகசியக் காப்பு ஒப்பந்தம் வரும். கடகடவென்று தள்ளிக் கையெழுத்துப் போடாமல் படியுங்கள். அது உங்களைக் கட்டுப்படுத்தும். பிறகு ஒட்டும் பேட்ஜ் தருவார்கள். தெரிகிற மாதிரி சட்டையில் ஒட்டி, வெளியே வரும்வரை கழற்றாதீர்கள். அழைத்தவரை விட்டு நகராதீர்கள். முன்னால் போகிறவர் கதவைத் திறந்தார் என்று பின்னாலேயே நுழைவது அங்கே பெரிய தவறு. கழிப்பறைக்குப் போவதானாலும் சொல்லிவிட்டுப் போங்கள்.

படம் எடுக்கும்முன் ஒவ்வொரு இடத்திலும் கேளுங்கள். உங்கள் முகம்தான் நடுவில் இருக்கும். ஆனால் பின்னால் இருக்கும் வெள்ளைப் பலகையில் இன்னும் வெளிவராத திட்டத்தின் வரைபடம் இருக்கலாம்.

சம்பளம் எவ்வளவு என்று கேட்டு அந்த ஒரு மணி நேரத்தை வீணாக்காதீர்கள். போன வாரம் நீங்கள் எழுதிய நிரலை யார் சரிபார்த்தார்கள், என்ன திருத்தம் சொன்னார்கள்? நள்ளிரவில் சேவை விழுந்தால் யாருக்கு அழைப்பு போகும், அவர் முதலில் எதைப் பார்ப்பார்? இப்படிக் கேட்டால் கட்டடத்தில் தெரியாதது தெரியும்.

கேள்வி: கடைசி நேரத்தில் அழைத்தவர் வர முடியாமல் போனால்?
– ஒரு பெற்றோர், சேலம்

பதில்: அது நடக்கக்கூடியதுதான், மாற்றுத் திட்டம் கையில் இருக்கட்டும். ஷோர்லைன் சாலையில் கூகுளின் கிரேடியன்ட் கேனபி கட்டடத்தின் தரைத்தளம் 2023 அக்டோபரிலிருந்து பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. கடையும் சிற்றுண்டியகமும் உண்டு. யார் அழைப்பும் வேண்டாம். குபர்டினோவில் ஆப்பிள் பார்க் பார்வையாளர் மையத்துக்கும் அப்படியே போகலாம். மொட்டை மாடியிலிருந்து ஆப்பிள் தலைமையகமான வளையக் கட்டடத்தின் ஒரு பகுதி தெரியும்.

ஆனால் ஒன்றே ஒன்றுதான் முடியும் என்றால், அதே ஷோர்லைன் சாலையில் இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கும் கணினி வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள். எல்லா நாளும் திறந்திருக்காது, பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். 1959-இல் அறிமுகமான ஐபிஎம் 1401 கணினியைக் குறிப்பிட்ட நாட்களில் ஓட்டியே காட்டுகிறார்கள். கூகுளின் 1999-ஆம் ஆண்டு சர்வர் அடுக்கும் அங்கே இருக்கிறது. ஒரு தட்டில் நான்கு மதர்போர்டுகள். பெட்டி கிடையாது, உலோகத்தில் பட்டு ஷார்ட் ஆகாமலிருக்க அடியில் கார்க் தக்கை விரிப்பு மட்டும். வயர்கள் பிதுங்கி நிற்க, தட்டுகள் நடுவில் தொய்ந்திருக்கும். மாணவர்களை அதன் முன்னால் பத்து நிமிடம் நிற்க விடுங்கள்.