அத்தையின் கெசட்

அன்புள்ள அண்ணா,

அப்பாயியின் றங்குப்பெட்டியைத் துப்புரவாக்கும்போது ஒரு பிஸ்கட் டின் நிறையக் கெசட் கிடைத்தது. முக்கால்வாசி சினிமாப் பாட்டு. இரண்டில் மட்டும் பென்சிலால் ‘குவைத் 1989’ என்று எழுதியிருக்கிறது. அத்தை அங்கே வீட்டு வேலைக்குப் போயிருந்தபோது பேசி அனுப்பியவை. தேயிலைத் தோட்டத்து லயத்தில் எல்லாரும் முன்வாசல் இஸ்தோப்பில் கூடி உட்கார்ந்து கேட்பார்களாம். அத்தை இப்போது இல்லை. நாடாவின் ஓரத்தில் வெள்ளையாக மாவு பூத்தது போல இருக்கிறது. பழைய ரேடியோவில் போட்டுப் பார்ப்போம் என்கிறான் தம்பி. போடலாமா?

இன்னொன்று. மாமா மகள் டுபாயிலிருந்து தினமும் வொய்ஸ் அனுப்புகிறாள். ஆனாலும் அந்தக் காலத்துப் பேச்சு மாதிரி வராது என்கிறார் அம்மா. அது வெறும் பழசு மேல் உள்ள ஆசைதானா?

வாசகி, பொகவந்தலாவை

அன்புள்ள தங்கச்சி,

தம்பியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். அந்த வெள்ளை பூஞ்சணம். பனிமூட்டம் இறங்கும் ஊரில், டின்னுக்குள் அடைபட்ட ஈரத்தில் பிடித்தது. அப்படியே ஓட்டினால், சுற்றுகள் ஒட்டிக்கொண்ட இடத்தில் நாடா அறுந்துவிடும். தூள், ரேடியோவுக்குள் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் அப்பி அடுத்த கெசட்டுக்கும் தொற்றும்.

முதல் வேலை, கெசட்டின் மேல்விளிம்பில் இரண்டு மூலையிலும் உள்ள சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிடுவது. ஏற்கெனவே உடைத்து மேலே டேப் ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள். பிறகு யாராவது கைதவறி ரெக்கோர்ட் பட்டனை அமுக்கினாலும் அழியாது.

அடுத்து, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இரண்டு வாரம் வையுங்கள். சப்பாத்துப் பெட்டியில் வருமே, அதுதான். வெயிலில் காயவைப்பதும் அடுப்புக்கு மேலே வைப்பதும் வேண்டாம், கூடு வளைந்துவிடும்.

காய்ந்த பிறகு வெளியே, காற்றோட்டமான இடத்தில், முகக்கவசம் போட்டுக்கொண்டு திறக்க வேண்டும். வீட்டில் இழுப்பு உள்ளவர்கள் பக்கத்தில் வரக்கூடாது. கூட்டில் ஐந்து சின்ன ஸ்க்ரூ இருக்கும். கழற்றுமுன் கெசட்டைத் தட்டையாகக் கிடத்துங்கள், மேல்மூடியைத் தூக்கியதும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சக்கரம், மூலைக்கொரு உருளை, நடுவில் செப்பு நிறத் தகட்டு ஸ்ப்ரிங்கில் ஒட்டிய சின்னக் கம்பளித் துண்டு. இந்தத் துண்டுதான் நாடாவை ஹெட்டோடு அழுத்துவது. பழைய கெசட்டில் பசை காய்ந்து விழுந்திருக்கும், விழுந்தால் சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவது போல மங்கும். சுற்றின் ஓரத்தை நூல் உதிராத காய்ந்த துணியால் மெல்லத் துடையுங்கள். நாடாவில் தண்ணீரோ ஸ்பிரிட்டோ படக்கூடாது. பிறகு சக்கரங்களை நாடாவோடு தூக்கி, ஸ்க்ரூ போட்ட ஒரு நல்ல கெசட்டின் கூட்டுக்குள் அதே வழியாக மாற்றுங்கள். சினிமாப் பாட்டுக் கெசட் ஒன்றைப் பலிகொடுக்கலாம். அந்தப் பாட்டெல்லாம் போனிலேயே தெளிவாகக் கிடைக்கிறது. மூடியதும் பென்சிலை விட்டு நாடா முழுவதையும் ஒரு தடவை கையால் சுற்றுங்கள். எங்காவது இழுத்துப் பிடித்தால் நிறுத்திவிடுங்கள்.

ரேடியோவையும் நம்பிவிடாதீர்கள். உள்ளே ரப்பர் பெல்ட் தளர்ந்திருந்தால் சுற்றி எடுக்கும் சக்கரம் நின்றுவிடும். ஆனால் ஹெட்டுக்குப் பக்கத்தில் உள்ள இரும்புக் கம்பியும் ரப்பர் உருளையும் நாடாவைத் தள்ளிக்கொண்டே இருக்கும். போக இடமில்லாத நாடா உருளையில் சுற்றிக்கொள்ளும். கெசட் சிக்குவது அப்படித்தான். பாட்டுக் கெசட்டைப் போட்டுப் பத்து நிமிடம் சக்கரத்தையே பாருங்கள். திணறாமல் சுற்றினால் ஹெட்டை ஐசோபுரோப்பைல் அல்கஹோலில் தோய்த்த பஞ்சால் துடைத்துவிட்டு அத்தையின் கெசட்டைப் போடலாம். முதல் ஓட்டத்திலேயே பதிந்துவிடுங்கள், இரண்டாவது ஓட்டம் கிடைக்கும் என்று உறுதியில்லை. ஹெட்போன் துளையிலிருந்து கேபிள் போட்டுக் கம்பியூட்டரில் வேவ் கோப்பாக எடுத்தால் ஒரு மணி நேரம் ஏறக்குறைய 635 எம்பி வரும்.

அம்மா சொல்வது ஆசை மட்டுமல்ல. சி-60 கெசட்டில் ஒரு பக்கம் 30 நிமிடம். ஊருக்கு வரும் ஆள் கிடைத்தால் கொடுத்தனுப்ப வேண்டும், பாதி வெறுமையாக அனுப்ப மனம் வராது. நலம் விசாரித்து முடித்த பிறகும் இருபது நிமிடம் மிஞ்சும். கொழுந்து எப்படி, யார் வீட்டில் சடங்கு, கூரைத் தகரம் மாற்றியாச்சா என்ற பேச்செல்லாம் அந்த மிச்சத்தில்தான் வரும். இஸ்தோப்பில் யார் யார் இருப்பார்கள் என்று தெரிந்து, பெயர் பெயராகக் கூப்பிட்டுப் பேசுவார்கள். வொய்ஸ் ஒரே ஒரு காதுக்குப் போகிறது. அதற்காக வொய்ஸைக் குறைசொல்ல மாட்டேன். கெசட் வந்து சேர்வதற்குள் அதில் நலம் விசாரித்த ஆளை அடக்கமே செய்திருப்பார்கள்.

கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். போகப் போக அத்தையின் குரல் கீச்சென்று ஏறி, பேச்சும் அவசரப்படலாம். பேசும்போது பெட்டரி இறங்கியிருந்தால் மோட்டர் மெதுவாக ஓடிப் பதிந்திருக்கும். அதைச் சரியான வேகத்தில், வினாடிக்கு 4.76 சென்டிமீட்டரில், போட்டால் எல்லாம் விரைவாகக் கேட்கும். 6 சதவீதம் கூடினாலே சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். ஒடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் வேகத்தைக் குறைத்துச் சரிசெய்யலாம். ஆனால் அதற்குமுன், குரலுக்குப் பின்னால் ஏசியோ ஃபிரிஜ்ஜோ இரைகிறதா என்று காதைக் கொடுங்கள். குரலோடு சேர்ந்து அந்த இரைச்சலும் ஏறினால் அது பெட்டரி. இரைச்சல் அப்படியே இருக்க, குரல் மட்டும் ஏறுகிறதென்றால் அந்த இடத்தில் வேகத்தில் கைவைக்க வேண்டாம்.