கிளிநொச்சியில் ஒரு கடைக்கும் ஒரு நெல் ஆலைக்கும் கணினி நெட்வொர்க் போட என்னென்ன வாங்க வேண்டும்?

கேட்டவரின் பலசரக்குக் கடையில் மூன்று கணினி. அண்ணனின் நெல் ஆலையில் பன்னிரண்டு வரும் என்கிறார். வன்னியில் இந்த வேலை செய்து திரிகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: கணினியை எண்ணுவதற்கு முன் கட்டடங்களை எண்ணுங்கள். எத்தனை கட்டடம், ஒன்றுக்கும் மற்றதற்கும் எத்தனை மீற்றர், எங்கே கரண்ட் இருக்கிறது என்று ஒரு தாளில் கீறுங்கள். இங்கே செலவைத் தீர்மானிப்பது அந்தத் தாள்தான்.

கடை விஷயம் சுலபம். இணைய நிறுவனம் தரும் ரவுட்டரோடு எட்டுப் போர்ட் கிகாபிட் சுவிட்ச் (நெட்வொர்க் கேபிள்களை ஒன்றுசேர்க்கும் பெட்டி) ஒன்று போதும். பில் போடும் கணினிக்கும் பிரிண்டருக்கும் கேபிள் இழுங்கள், வைஃபை போனுக்கு இருக்கட்டும். ரவுட்டருக்கும் சுவிட்சுக்கும் சேர்த்து ஒரு சின்ன யூபிஎஸ். இதற்கு மேல் யாராவது விலைப்பட்டியல் தந்தால் ஏனென்று கேளுங்கள்.

கடையில் கணக்குப் பார்க்க வேண்டியது கமராவைத்தான். ஒரு கமரா நொடிக்கு 4 மெகாபிட் அனுப்பினால் நாளொன்றுக்கு 43 ஜிபி சேரும். எட்டு கமராவுக்கு 4 டிபி டிஸ்க் பதினொரு நாளில் நிரம்பிவிடும். அப்புறம் கனடாவில் இருக்கும் தம்பியும் பார்க்க வேண்டும் என்பார். அதற்குத் தேவை அப்லோட் வேகம், பெரிதாக விளம்பரம் செய்யும் டவுன்லோட் வேகம் அல்ல. 4ஜி இணைப்பு என்றால் ஒரே பொது இணைய முகவரியைப் பெரும்பாலும் பல வாடிக்கையாளர்கள் பகிர்வார்கள். ரவுட்டரில் போர்ட் (உள்ளே நுழையும் வழி) திறந்துவிட்டு வெளியிலிருந்து பார்க்கும் பழைய வழி அதில் சரிவராது. கமராப் படத்தைச் சேமிக்கும் பதிவுப் பெட்டியே வெளியே போய் இணையும் கிளவுட் வசதியோ, இணையத்தின் மேல் தனிப் பாதை போடும் விபிஎன்னோ வேண்டும்.

இனி ஆலை. அலுவலகம் ஓரிடம், களஞ்சியம் ஓரிடம், லொறி நிறுக்கும் தராசு கேற்றடியில். செம்புக் கேபிளுக்கு எல்லை 100 மீற்றர். ஆனால் தூரம் அறுபதுதான் என்றாலும் கட்டடத்துக்குக் கட்டடம் செம்பு இழுக்காதீர்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரத்தில் இடி முழங்கும் ஊர் இது. மின்னல் பக்கத்துக் காணியில் விழுந்தாலே போதும்: இரண்டு கட்டடத்து எர்த்துக்கும் இடையே மின்னழுத்தம் ஏறி இறங்கும், அந்த வேறுபாடு கேபிள் வழியே ஓடும். பரந்தன் பக்கத்து ஆலை ஒன்றில் பார்த்தேன். சுவிட்சின் பவர் விளக்கு எரிகிறது, வெளிக் கட்டடங்களுக்குப் போன போர்ட்டுகள் மட்டும் செத்துக் கிடக்கின்றன. “பிளக்கில் சேர்ஜ் புரொடெக்டர் போட்டிருக்கிறமே தம்பி” என்றார் முதலாளி. போட்டுத்தான் இருந்தார். மின்னல் வந்ததோ பிளக்கால் அல்ல.

ஆகவே கட்டடங்களுக்கு இடையே பைபர். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: வீடுகளுக்கு இழுக்கும் பைபர் கேபிள் பலவற்றில் தாங்குவதற்கு இரும்புக் கம்பி ஒன்று கூடவே ஓடும். அதை அப்படியே உள்ளே கொண்டுபோய்ப் பெட்டிக்குள் கட்டினால் பைபர் போட்டதன் பயனே போய்விடும். உலோகமே இல்லாத வகையாகக் கேட்டு வாங்குங்கள். இரண்டு இழை தேவையென்றால் நான்கு உள்ளதை இழுங்கள். நிலம் வெட்டும் கூலி ஒன்றுதானே. பைப்பில் போட்டுப் புதைத்தால் குரங்கு தொங்காது, லொறியின் தார்ப்பாயிலும் சிக்காது.

எர்த்தை வெயில் காலத்தில் அளக்கச் சொல்லுங்கள். மாரியில் மண் ஈரமாயிருக்கும்போது எல்லா எர்த்தும் நல்ல எர்த்துத்தான். ஓகஸ்டில் நிலம் வெடித்துக் கிடக்கும்போது அதே கம்பி வேறு கணக்குக் காட்டும்.

ஆலைக்குள் அடுத்த பகை தவிட்டுத் தூசி. விசிறி உள்ள சுவிட்ச் அந்தத் தூசியை இழுத்து உள்ளே அப்பிக்கொள்ளும். விசிறி இல்லாததை வாங்கி, மூடிய பெட்டிக்குள் சுவரில் ஏற்றுங்கள். தகரக் கூரைக்குக் கீழே உச்சியில் வேண்டாம், சூடு தாங்காது. அலுவலகக் கணினி, கமரா, வருகிறவர்களின் வைஃபை மூன்றையும் விலான் (ஒரே சுவிட்சுக்குள் தனித்தனி நெட்வொர்க்) போட்டுப் பிரித்துவிடுங்கள். நெல் கொண்டுவருபவரின் போனுக்குச் சம்பளக் கணக்கு இருக்கும் கணினி தெரிய வேண்டியதில்லை.

கேபிளில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். மலிவுப் பெட்டிகளில் வருவது செம்பு பூசிய அலுமினியம். நுனியைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளை தெரியும், இரண்டு மூன்று தரம் மடித்தால் முறியும். கேபிள் வழியே மின்சாரம் எடுக்கும் கமராவுக்கு அது உதவாது. தூரத்தில் மின்னழுத்தம் குறைந்து, இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியும் நேரம் பார்த்துக் கமரா அணையும்.

பின்னாளில் வவுனியாவிலோ புதுக்குடியிருப்பிலோ கிளை திறக்கும் எண்ணம் இருந்தால் நெட்வொர்க் முகவரியை இப்போதே பிரித்து வையுங்கள். எல்லா ரவுட்டரும் 192.168.1 என்று தொடங்கும் முகவரியோ அதுபோல ஒன்றோ போட்டுத்தான் வரும். இரண்டு இடத்திலும் அதையே விட்டால் விபிஎன்னில் இணைக்கும் நாளில் முட்டும். கடைக்கு 10.1, ஆலைக்கு 10.2, அடுத்ததற்கு 10.3 என்று கொடுத்தால் காலத்துக்கும் குழப்பமில்லை.

வேலையைக் காலபோக அறுவடைக்கு முன்னரே முடியுங்கள். தையில் நெல் வரத் தொடங்கினால் ஆலையில் ஏணி வைக்கவும் இடம் கிடைக்காது. கேபிளின் இரண்டு நுனியிலும் இலக்கம் ஒட்டியிருக்கிறதா, பெட்டிக் கதவின் உட்பக்கம் வரைபடம் இருக்கிறதா என்று பாருங்கள். ரவுட்டர், சுவிட்ச், கமராப் பெட்டி எல்லாவற்றின் கடவுச்சொல்லையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு மிச்சக் காசைக் கொடுங்கள்.