304-ம் 1.4301-ம் ஒன்றா? எவர்சில்வர் கிரேடு கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே ரகம். ஒரே எவர்சில்வர் ரகத்துக்கு நாட்டுக்கு ஒரு நம்பர் இருக்கிறது; அந்த நாட்டு நம்பருக்கு நம்ம ஊர் நம்பர் எது? “சுவரில் ஒட்டிக்கொள்ள ஓர் அட்டவணை போடுங்கள் சார்” என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அட்டவணை எங்கும் கிடைக்கும், என் மேசைக் கண்ணாடிக்கு அடியிலும் ஒன்று கிடக்கிறது. எந்தத் தெருவில் தேடுவது என்று அது சொல்லும். எந்த வீடு என்று சொல்லாது. அதனால் அட்டவணைக்குப் பதில் கேள்விகளையே எடுத்துக்கொள்கிறேன்.

ஜெர்மன் டிராயிங்கில் 1.4301 என்று இருக்கிறது. கடைக்காரர் 304 ஷீட்டைக் காட்டி “ரெண்டும் ஒன்றுதான்” என்கிறார். வாங்கலாமா? (அம்பத்தூர்)

கவர், மூடி, டிரே மாதிரி வேலை என்றால் வாங்கலாம். கெமிஸ்ட்ரியில் இரண்டும் அவ்வளவு நெருக்கம். ஐரோப்பிய 1.4301-க்குக் குரோமியம் 17.5 முதல் 19.5 சதவீதம் வரை, நிக்கல் 8 முதல் 10.5 வரை, கார்பன் 0.07-க்குள். அமெரிக்கத் தர அமைப்பான ஏஎஸ்டிஎம்மின் ஏ240 என்ற ஷீட் தரத்தில் வரும் 304-க்கும் இன்று அதே எல்லைகள்தான்.

ஆனால் அதே அமெரிக்கர்களின் ஏ312 என்ற பைப் தரத்தை எடுங்கள். அங்கே 304-க்குக் குரோமியம் 18-இல்தான் தொடங்குகிறது. ஜப்பானின் எஸ்யூஎஸ்304-க்கும் 18-தான். ஆக, 17.7 குரோமியம் உள்ள ஒரு ஷீட் சுருள் ஜெர்மன்காரருக்கு 1.4301, அமெரிக்க ஷீட் வாங்குபவருக்கு 304, ஜப்பான்காரருக்கோ ரிஜெக்ட். மில்காரர்கள் விலை கூடிய நிக்கலையும் குரோமியத்தையும் கீழ் எல்லையை ஒட்டியே வைப்பார்கள் என்பதால் இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை.

அப்புறம் பலம். குளிர் உருட்டிய 1.4301-க்கு ஈல்டு (நிரந்தரமாக வளையத் தொடங்கும் அளவு) குறைந்தது 230 மெகாபாஸ்கல் வேண்டும், ஏ240-இன் 304-க்கு 205 போதும். கையில் வரும் ஷீட் பெரும்பாலும் இரண்டையும் தாண்டித்தான் இருக்கும். இருந்தாலும் டிசைன் செய்தவர் 230-ஐ வைத்துக் கணக்குப் போட்டிருப்பார். எனவே டெஸ்ட் சர்டிஃபிகேட்டில் இரண்டு பெயரும் சேர்ந்து அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். பல மில்கள் ஒரே ஹீட்டை (ஒரே தடவையில் உருக்கிய ஸ்டீலை) “304 / 1.4301” என்று இரண்டுக்கும் சேர்த்தே சான்று கொடுக்கின்றன. அப்படி இருந்தால் கவலையே இல்லை. பிரஷர் வெசல் (அழுத்தம் தாங்கும் கலன்) வேலை என்றால் இதெல்லாம் போதாது. அதற்கு இஎன் 10028-7 என்று தனி ஐரோப்பியத் தரம் இருக்கிறது, அந்த எண் சர்டிஃபிகேட்டில் இருந்தே ஆக வேண்டும்.

பிள்ளைக்கு வாங்கிய ஃபிளாஸ்க்கின் அடியில் “எஸ்யூஎஸ்304” என்று இருக்கிறது. இன்னொன்றில் 06, 19, 10 என்று ஏதோ நீளமான குறியீடு. எது நல்லது? (காரைக்குடி வாசகி)

இரண்டும் ஒரே ரகம்தான் அம்மா. எஸ்யூஎஸ் என்பது ஜப்பான் தரத்தின் முன்னொட்டு. அந்த நீளக் குறியீடு சீனாவினுடையது: 06 கார்பனைக் குறிக்கும், 19 குரோமியம், 10 நிக்கல். நம்ம 304-தான். கரண்டி, ஸ்பூனில் 18/8, 18/10 என்று பார்த்திருப்பீர்கள். அதுவும் குரோமியம்-நிக்கல் கணக்குதான், ஆனால் அது வியாபாரப் பெயர், தர எண் இல்லை. 18/0 என்றால் நிக்கலே கிடையாது, அது 430 வகை, காந்தம் பளிச்சென்று ஒட்டும்.

காந்தத்தை நம்பி ஏமாறாதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிக்கலைக் குறைத்து மாங்கனீசை ஏற்றிய 201 வகையிலும் காந்தம் ஒட்டாது. நல்ல 304-ஐ இழுத்து வளைத்த மூலைகளில் லேசாக ஒட்டும். முத்திரையைப் பொறுத்தவரை, அதைக் குத்துவதற்கு ஒரு அச்சு போதும்.

316எல்லுக்கு ஐரோப்பிய எண் என்ன? ஓர் அட்டவணையில் 1.4404, இன்னொன்றில் 1.4435, மூன்றாவதில் 1.4432. எது சரி? (ஓசூர்)

மூன்றுமே சரி. சிக்கலும் அதுதான்.

அமெரிக்கர்கள் 316எல்லுக்கு (கார்பன் குறைந்த 316) பெரிய மைதானம் கொடுத்திருக்கிறார்கள்: குரோமியம் 16-18, நிக்கல் 10-14, துருவை எதிர்க்கச் சேர்க்கும் மாலிப்டினம் 2-3. ஐரோப்பியர்கள் அதே மைதானத்தில் பாத்தி கட்டி, பாத்திக்கு ஒரு எண் வைத்துவிட்டார்கள். 1.4404-இல் மாலிப்டினம் 2 முதல் 2.5 வரை. 1.4432-இல் 2.5 முதல் 3 வரை. 1.4435-இல் மாலிப்டினம் 2.5-3 இருப்பதோடு நிக்கலும் 12.5-க்குக் குறையக் கூடாது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மருந்துத் தொழிற்சாலை டேங்குக்கு 1.4435 கேட்டிருந்தார்கள். நான் அட்டவணையைப் பார்த்தேன், “316எல்” என்றிருந்தது, வாங்கச் சொல்லிவிட்டேன். வந்த பிளேட்டில் நிக்கல் 10.1, மாலிப்டினம் 2.04. 316எல் என்ற முறையில் அதில் ஒரு குறையும் இல்லை. வந்த இன்ஸ்பெக்டர் சர்டிஃபிகேட்டில் அந்த இரண்டு எண்களையும் பேனாவால் சுழித்தார், காபியைக் குடித்தார், கிளம்பிவிட்டார். பிளேட் அதற்குள் கட்டிங் ஆகியிருந்தது.

மருந்துத் துறையில் நிக்கலுக்கு ஏன் இந்தப் பிடிவாதம்? நிக்கல் கூடினால் வெல்டிலும் பிளேட்டிலும் ஃபெரைட் (ஸ்டீலுக்குள் காந்தம் ஒட்டும் படிக அமைப்பு) குறையும். சில கம்பெனிகள் பாசல் நார்ம் 2 என்ற நிபந்தனையின்படி டெல்டா ஃபெரைட் 0.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். 10.1 நிக்கலை வைத்துக்கொண்டு அந்தப் பக்கமே போக முடியாது.

எதிர்த் திசையிலும் கவனம் வேண்டும். 1.4435 உசத்தி, அதனால் 316எல் கேட்ட இடத்தில் கண்ணை மூடிக் கொடுக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. 1.4435-இல் குரோமியம் 19 வரை, நிக்கல் 15 வரை போகலாம். 18.5 குரோமியம் வந்தால் அது அமெரிக்க 316எல் எல்லைக்கு வெளியே. எதற்கு எது சமம் என்று கேட்கும்போது, எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்கு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

எங்கள் ஃபவுண்டரியில் ஊற்றும் சிஎஃப்8எம் வால்வு பாடியை வாடிக்கையாளர் “316” என்கிறார். காந்தம் லேசாக ஒட்டுகிறதே, டூப்ளிகேட்டா என்றும் கேட்கிறார். என்ன சொல்வது? (கோயம்புத்தூர்)

வார்ப்புக்கு வேறு பெயர் என்று சொல்லுங்கள். சிஎஃப்8எம் 316-இன் வார்ப்பு வடிவம், ஐரோப்பாவில் 1.4408. அந்த 8 கார்பன் 0.08 என்பதைக் குறிக்கிறது, எம் மாலிப்டினம். குரோமியம் 18-21 என்று 316-ஐவிட ஏறியே இருக்கும். வார்ப்பு ஆறும்போது விரிசல் விடாமல் இருக்கக் கொஞ்சம் ஃபெரைட் வேண்டும் என்பதற்காக வைத்த கணக்கு அது. காந்தம் ஒட்டுவதும் அந்த ஃபெரைட்டால்தான். லேசாக ஒட்டினால் உங்கள் ஆள் சரியாகத்தான் ஊற்றியிருக்கிறார்.

கத்திக்கு 420 ஸ்டீல் வாங்கினேன். ஒரு லாட் நன்றாகக் கூர் பிடிக்கிறது, அடுத்த லாட் மழுங்குகிறது. இரண்டும் 420-தான். (திண்டுக்கல்)

அமெரிக்க 420-க்குக் கார்பன் 0.15-க்கு மேல் என்று கீழ் எல்லை மட்டும்தான் காலங்காலமாக உண்டு. ஐரோப்பாவில் இதைப் பல துண்டாக்கியிருக்கிறார்கள்: 1.4021-இல் கார்பன் 0.16-0.25, 1.4028-இல் 0.26-0.35, 1.4034-இல் 0.43-0.50. கார்பன் கூடினால் கடினமும் கூடும், கூர் நிற்கும். உங்கள் முதல் லாட் 1.4034 பக்கமும் அடுத்த லாட் 1.4021 பக்கமும் இருந்திருக்கும். ஹீட் ட்ரீட்மென்ட் செய்பவரையும் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, அடுத்த முறை 1.4034 என்று எண்ணைச் சொல்லி வாங்குங்கள்.

ரஷ்ய டிராயிங்கில் 12, 18, 10 என்று வரும் ஸ்டீலுக்கு 321 போடலாமா? (திருநெல்வேலி)

ரஷ்ய எழுத்துகள் முதலில் ஏமாற்றும். எக்ஸ் மாதிரி இருப்பது குரோமியம், எச் மாதிரி இருப்பது நிக்கல், கடைசியில் வரும் டி டைட்டானியம். முன்னால் இருக்கும் 12-ஐப் பாருங்கள், கார்பன் 0.12 வரை போகலாம் என்று அர்த்தம். 321 என்பது டைட்டானியம் சேர்த்த அமெரிக்க கிரேடு, அதில் கார்பனுக்கு 0.08-தான் எல்லை. அதனால் 321-க்கு உண்மையில் பக்கத்தில் நிற்பது 08 என்று தொடங்கும் ரஷ்ய கிரேடு. கூடங்குளத்தில் உள்ள விவிஇஆர் என்ற ரஷ்ய வகை அணு உலைகளின் ஸ்டீம் ஜெனரேட்டர் குழாய்கள் அந்த 08 ரகம்தான். 12 கேட்ட இடத்தில் 321 கொடுத்தால் துரு விஷயத்தில் நஷ்டமில்லை, ஆனால் அதிகச் சூட்டில் தாங்கும் பலத்தைக் கணக்குப் போட்டவர் கையெழுத்துப் போட வேண்டும். மாற்றுவது உங்கள் முடிவாக இருக்க வேண்டாம்.

வீடு கடற்கரைக்கு அரை கிலோமீட்டர். கைப்பிடிக்கு “202 எஸ்எஸ், 304 மாதிரியேதான்” என்று பைப் போட்டார்கள். எட்டு மாதத்தில் பழுப்பு. (தூத்துக்குடி)

202 என்று ஒரு கிரேடு உண்மையிலேயே உண்டு, ஐரோப்பாவில் 1.4373. அதில் நிக்கல் 4-6 சதவீதம் இருக்க வேண்டும். சந்தையில் அந்தப் பெயரில் போகும் பைப் பலவற்றை எக்ஸ்ரே கன்னில் (உலோகக் கலவையைக் காட்டும் கைக்கருவி) பார்த்தால் நிக்கல் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் காட்டுகிறது, குரோமியமும் 15 பக்கம். அதை எந்த அட்டவணையிலும் 304-க்குப் பக்கத்தில் வைக்க முடியாது. அதைவிட, உங்கள் தூரத்தில் அசல் 304-கூடப் பழுக்கும். 316 போட்டு, நன்றாக பாலிஷ் செய்து, மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் துடைத்துவிடுங்கள். 316-தானா என்று பார்க்க, மாலிப்டினம் சொட்டு மருந்து கிட் விற்கிறது. சின்ன பேட்டரியோடு வரும், ஒரு சொட்டு விட்டால் நிறம் சொல்லும். பைப்பை இறக்குவதற்கு முன்பே, வண்டியில் வைத்தே பாருங்கள்.

போல்ட் தலையில் ஏ2-70. இது எந்த ஸ்டீல்? (சிவகாசி)

304 குடும்பம். 70 என்பது இழுவிசை 700 மெகாபாஸ்கல். மேலே உள்ள தூத்துக்குடிக்காரர் ஏ4 வாங்க வேண்டும், அது 316 குடும்பம்.