கார் ஓடினது அத்தான், இன்சூரன்ஸ் தேட் பாட்டி: ஆர் காசு கட்டுறது?

கேள்வி: வணக்கம் அக்கா, நான் கொக்குவில். 2017 வாகன் ஆர் ஒண்டு வச்சிருக்கிறன். லீசிங் இருக்கும் மட்டும் புல் இன்சூரன்ஸ்தான், போன வருசம் லீசிங் முடிஞ்ச உடன காசு மிச்சம் எண்டு தேட் பாட்டிக்கு (மற்றாளுக்கு வாற நட்டத்துக்கு மட்டும் போடுற இன்சூரன்ஸ்) மாத்திட்டன். நல்லூர்த் திருவிழாக்கு லண்டனில இருந்து வந்து நிக்கிற அத்தான் போன வெள்ளிக்கிழமை என்ர காரில மருதனார்மடம் சந்தைக்குப் போகேக்க இணுவிலடியில ஒரு மோட்டசைக்கிளோட அடிபட்டிட்டுது. நான் கூடப் போகேல்ல, அவர் தன்ர அலுவலாத்தான் போனவர். பெடியனுக்குக் கால் முறிவு, பைக்கின்ர முன்பக்கம் முழுக்கச் சேதம், என்ர காரில பம்பர், லைட், ரேடியேட்டர் எல்லாம் போட்டுது. பொலிஸில என்ட்ரி இருக்கு. பெடியன்ர ஆக்கள் 4 லட்சம் கையில தந்தால் கேஸ் ஒண்டும் போடமாட்டம் எண்டு சொல்லீனம். இன்சூரன்ஸ் இருக்குத்தானே, அது கட்டாதோ? இனி எந்த இன்சூரன்ஸ் போட்டால் நல்லம்? அத்தான் வாற 28ஆம் திகதி திரும்பிப் போறார்.

பதில்:

தம்பி, முதல் விசயம், அந்த 4 லட்சத்தை இப்ப குடுக்காதேங்கோ. குடுக்கிறன் எண்டு வாயாலயும் சொல்லாதேங்கோ, போனில மெசேஜும் போடாதேங்கோ. ஏனெண்டு கீழ சொல்லுறன்.

எங்கட நாட்டில வாகனம் றோட்டில இறங்கிறதெண்டால் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி இன்சூரன்ஸ் கட்டாயம், அது உங்களுக்குத் தெரியும், பிரதேச செயலகத்தில ரெவன்யூ லைசென்ஸ் எடுக்கப் போனாலே எமிசன் சேட்டிபிக்கட்டோட இன்சூரன்ஸ் காட்டையும் (அட்டை) கேப்பினம். ஆனால் அந்தச் சட்டம் கட்டாயப்படுத்திறது என்னத்தை எண்டு கனபேருக்குத் தெரியாது. உங்கட வாகனத்தால இன்னொரு மனுசன் செத்தாலோ காயப்பட்டாலோ அவருக்கு வாற நட்டஈடு, அவ்வளவுதான். உங்கட காருக்கு அதில ஒரு சதமும் இல்லை. மற்றாளின்ர சொத்து, அதாவது அவற்ர பைக், ஒரு வீட்டு மதில், கடைக் கண்ணாடி, இதுகளைக் கூட அந்தச் சட்டம் கட்டாயமாக்கேல்ல. கொம்பனிக்காரர் தாங்களாச் சேத்து ஒரு தொகை வரைக்கும் தருவினம், அது எவ்வளவு எண்டு உங்கட பொலிசிப் பேப்பரில இருக்கும். இன்சூரன்ஸ் காட்டில இல்லை, பொலிசியில. காட்டை மட்டும் பேர்ஸில வச்சுக்கொண்டு பொலிசியை ஒருநாளும் விரிச்சுப் பாக்காத ஆக்கள்தான் எங்களிட்டக் கூட வாறது, தயவு செய்து இண்டைக்கே அதைத் தேடி எடுங்கோ.

அப்ப உங்கட கேஸில, பெடியன்ர காலுக்குரிய நட்டஈடு தேட் பாட்டிக்குள்ள வரவேண்டிய விசயம். பைக், பொலிசியில எழுதியிருக்கிற தொகை மட்டும். உங்கட பம்பரும் ரேடியேட்டரும் உங்கட கைக்காசு, அதில கதைக்க ஒண்டுமில்லை.

ஆனால் இதுக்குள்ள ஒரு பெரிய சிக்கல் இருக்கு, நீங்கள் அதைக் கேக்கவேயில்லை. அத்தானிட்ட என்ன லைசென்ஸ் இருந்தது? லண்டன் லைசென்ஸ் மட்டும் எண்டால் இஞ்ச ஓடக் காணாது, இலங்கையில செல்லுபடியாகிற அனுமதி ஒண்டு எடுத்திருக்கோணும். ஓடுறவரிட்ட அந்த வகை வாகனத்துக்குச் செல்லுபடியான லைசென்ஸ் இருக்கோணும் எண்டு பொலிசியில ஒரு நிபந்தனை இருக்கும், கொம்பனி முதல் பிடிக்கிற பிடியும் அதுதான். ஒவ்வொரு திருவிழா சீசனுக்கும் வெளிநாட்டில இருந்து வாற எங்கட ஆக்கள், பத்திருபது வருசம் அங்க ஓடினவை, நல்லா ஓடுவினம், அதில எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் சொந்தக்காரரிட்டத் திறப்பை வேண்டிக்கொண்டு அப்பிடியே வெளிக்கிட்டிடுவினம். குடுக்கிறவருக்கும் கேக்கக் கூச்சம். அந்தக் கூச்சத்தால கடைசியில முழுக்காசையும் கையால கட்டவேண்டி வந்த குடும்பங்களை நான் பாத்திருக்கிறன், அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்லுறன். அத்தான் அனுமதி எடுத்திருந்தால் அதின்ர கொப்பியை இண்டைக்கே வேண்டி வையுங்கோ. எடுக்கேல்லையெண்டால் அதை மறைச்சு கிளெயிம் போமில நீங்கள் ஓடினதெண்டு எழுதாதேங்கோ. பொலிஸ் என்ட்ரியில ஆர் ஓடினதெண்டு ஏற்கனவே இருக்கு, பொய் எழுதினால் நட்டஈட்டுப் பிரச்சினை மோசடிப் பிரச்சினையா மாறிடும்.

இனி அந்த 4 லட்சம். பொலிசி எல்லாத்திலயும் போல ஒரு நிபந்தனை இருக்கும், கொம்பனியின்ர சம்மதமில்லாமல் நீங்கள் பிழையை ஒத்துக்கொள்ளவோ காசு தாறன் எண்டு உறுதி குடுக்கவோ கூடாது எண்டு. குடுத்தால் அந்தக் காசைக் கொம்பனி திருப்பித் தராது, மிச்சத்தையும் தரமாட்டன் எண்டு சொல்ல அவைக்கு ஒரு காரணமும் கிடைச்சிடும். மற்றது, விபத்து நட்டஈட்டுக்கு வழக்குப் போட அவைக்கு 2 வருசம் இருக்கு. வாயால பேசிக் காசு வேண்டினவை பிறகு கால் சரியாப் பொருந்தேல்ல, இன்னொரு ஒப்பரேசன் செய்யோணும் எண்டு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனால் உங்களிட்டக் காட்ட என்ன இருக்கு? அந்தப் பெடியனைப் பிழையாச் சொல்லேல்ல, கால் முறிஞ்சவனுக்கு நட்டஈடு கேக்க முழு உரிமை இருக்கு, போய்ப் பாருங்கோ, சாப்பாடு குடுங்கோ, அதை ஒரு சட்டமும் தடுக்கேல்ல. ஆனால் காசுக் கணக்கு கொம்பனிக்குத் தெரிஞ்சு எழுத்தில முடியோணும்.

கோட்ஸ் ரெண்டு இருக்கெண்டதையும் குழப்பாதேங்கோ. பொலிஸ் போடுற கேஸ் நீதவான் நீதிமன்றத்தில, அது ஓடினவருக்கு எதிரா, அதின்ர தண்டத்தை எந்த இன்சூரன்ஸும் கட்டாது. நட்டஈட்டு வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில, அது உங்களையும் சேத்துத்தான் வரும், கார் உங்கட பேரில எண்டபடியால். எங்கட நட்டஈட்டுச் சட்டம் ரோமன் டச்சுச் சட்டத்தில இருந்து வந்தது, அதில சொந்தக்காரர் எண்டதுக்காக மட்டும் பொறுப்பு வந்திடாது, அவர் உங்கட அலுவலாப் போனவரோ தன்ர அலுவலாப் போனவரோ எண்டது முக்கியம். தன்ர அலுவலாத்தான் போனவர் எண்டு எழுதியிருக்கிறியள், அது உண்மையெண்டால் பெரிய விசயம், ஸ்டேட்மென்டிலயும் அப்பிடியே இருக்கோணும். சம்மன் வந்தால் அண்டைக்கே கொம்பனிக்குக் குடுங்கோ. சட்டத்தில, வழக்குப் போட முன்னம் அல்லது போட்டு 7 நாளுக்குள்ள கொம்பனிக்கு நோட்டீஸ் போகாட்டில் தீர்ப்புக் காசைக் கட்டுற பொறுப்பில இருந்து கொம்பனி தப்பிடும். அதைத் தவறவிட்டால் தீர்ப்பு உங்கட வீடு தேடித்தான் வரும்.

எந்த இன்சூரன்ஸ் போடலாம் எண்டு கேட்டியள். காருக்கு இண்டைக்கு இருக்கிற பெறுமதியைக் கையால திருப்பிப் போட உங்களுக்கு வசதியில்லையெண்டால் புல் இன்சூரன்ஸ் போடுங்கோ, என்ர அபிப்பிராயம் அவ்வளவுதான். லீசிங்காரர் கட்டாயப்படுத்தினது தங்கட காசுக்காக. லீசிங் முடிஞ்சால் இப்ப அது உங்கட காசு.

ஆனால் 'புல்' எண்ட சொல்லை நம்பி ஏமாறாதேங்கோ, அதுக்குள்ளயும் எல்லாம் இல்லை. வெள்ளம், புயல் மாதிரி இயற்கை அனர்த்தம் கன பொலிசியில தனியாச் சேக்கிற ஒண்டு, 2020 டிசம்பரில புரெவிப் புயலுக்கு வெள்ளம் நிண்ட ஊர் எங்கட ஊர், அதைச் சேக்காமல் விடாதேங்கோ. கலவரம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம், இதுவும் தனி, 2022 மே 9இல நாட்டில எத்தினை வாகனம் எரிஞ்சதெண்டு ரீவியில பாத்தனீங்கள்தானே. முன் கண்ணாடி, கட்டி இழுக்கிற செலவு, காரில வாறாக்களுக்கான காப்பு, இதுகளையும் கேளுங்கோ, உங்கட காருக்குள்ள இருக்கிற உங்கட பிள்ளைக்குக் காயம் வந்தால் பொலிசி என்ன தரும் எண்டு கட்டாயம் கேளுங்கோ. மற்றாளின்ர சொத்துக்கான தொகையை எவ்வளவு கூட்டலாம் எண்டதையும் விசாரியுங்கோ. கலியாண வீட்டுக்குக் காரை ஹயரில குடுக்கிற பழக்கம் இருந்தால் முதலே சொல்லி எழுதுவியுங்கோ, சொந்தப் பாவனை எண்டு எழுதின பொலிசியோட ஹயர் ஓடி அடிபட்டால் கிளெயிம் நிராகரிக்கப்படும்.

இன்னொண்டு, கார்ப் பெறுமதி. 2020இல இறக்குமதியை நிப்பாட்டின பிறகு பழைய கார் விலை எங்கயோ ஏறினது, ஆனால் கனபேர் வேண்டின விலையிலயே வருசா வருசம் புதுப்பிச்சவை. கார் 60 லட்சம் பெறுமதி, நீங்கள் 40க்குப் போட்டிருக்கிறியள், 6 லட்சத்துக்குச் சேதம் எண்டு வையுங்கோ, 6 வராது, மூண்டில ரெண்டு எண்டு கணக்குப் பாத்து 4 தான் தருவினம், அதிலயும் எக்செஸ் (ஒவ்வொரு கிளெயிமிலயும் நீங்கள் கையால பொறுக்கவேண்டிய பங்கு) கழியும். அதுக்காகக் கூட்டிப் போட்டாலும் லாபமில்லை, அடிபட்ட நாளில சந்தைப் பெறுமதி என்னவோ அதுக்கு மேல தரமாட்டினம், பிரீமியம்தான் வீண். ஒவ்வொரு வருசமும் விலை விசாரிச்சுப் போடுங்கோ.

கொம்பனி மறுத்தால் மறுப்பை எழுத்தில கேளுங்கோ, எந்த நிபந்தனையின் கீழ எண்டும் கேளுங்கோ. போனில சொன்னது காணாது. அதை வச்சு முதல் கொம்பனிக்குள்ளயே மேல முறையிட்டு, சரிவராட்டில் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிட்ட (இன்சூரன்ஸ் முறைப்பாடுகளை விசாரிக்கிறவர்) போகலாம், காசில்லை, லோயரும் தேவையில்லை. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ இருக்கிற காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம்.

இப்ப அவசரம் அத்தான்ர பயணம். அவர் போனால் ஓடினவரே நாட்டில இல்லாமல் நீங்கள் தனிய நிப்பியள். பொலிஸில அவற்ர முழு ஸ்டேட்மென்ட் பதிவாயிருக்கோ, கேஸ் போட்டால் தவணைக்கு என்ன செய்யிறது, அவர் போறதுக்குத் தடை ஏதும் வருமோ எண்டு ஒரு லோயரையும் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கோ. கொம்பனியின்ர போமில ஓடினவர் எண்ட இடத்தில அவரே கையெழுத்து வைக்கட்டும், பாஸ்போட், லைசென்ஸ், அனுமதி மூண்டின்ர கொப்பியும் லண்டன் விலாசமும் வேண்டி வையுங்கோ. எல்லாம் 28க்கு முன்னம், ஏலுமெண்டால் நாளைக்கே.